பஸ்ஸில் ஏற முடியாத அக்காவுக்கு என்ன நடக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேணும். களுவாஞ்சிகுடியில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு 29 வயது, மட்டக்களப்பு டவுனில் வேலை. ஒருநாள் காலையில் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவருக்குக் காத்தான்குடி தாண்டும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கைவிரல் விறைத்து, மூச்சு முட்டியிருக்கிறது. ‘நான் சாகப்போறன்’ என்று அழுது கல்லடியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், ஈசிஜி சரி. அதற்குப் பிறகும் சில தடவை அப்படியே வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு உங்கள் மோட்டார் சைக்கிளில் போனார், பிறகு கல்லடிப் பாலத்தடிக்கு வந்ததும் அதுவும் முடியாமல் போனது. இப்போது சம்பளமில்லாத லீவில் வீட்டில் இருக்கிறார். அம்மா நாவூறு என்று நூல் கட்டிவிட்டார். மாமா ‘இதெல்லாம் நடிப்பு, இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில ஏத்து’ என்கிறார். நீங்கள் முக்கியமாகக் கேட்டது நாலு விஷயம்: இதயத்தில் ஏதும் பிடிபடாமல் கிடக்கிறதா, இது பைத்தியத்தின் தொடக்கமா, வாழ்நாள் முழுக்கக் குளிசை போட வேணுமா, மாமா சொன்ன மாதிரிச் செய்யலாமா.

நான் வைத்தியர் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் உளவளத்துணை (கவுன்சலிங்) வேலையில் பல காலம் இருக்கிறவன். நோய் இதுதான் என்று உறுதிப்படுத்துவது வைத்தியரின் வேலை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது பீதி நோயும் (panic disorder), அதோடு சேர்ந்து வருகிற, தப்பி வெளியேற முடியாத இடங்களுக்குப் பயப்படுகிற அகோராபோபியாவும் மாதிரித்தான் தெரிகிறது. இரண்டும் பதகளிப்புக் (anxiety) கோளாறுகள் என்ற கூட்டத்தில் உள்ளவை. பைத்தியம் என்று ஊரில் சொல்கிற எதனோடும் இதற்குச் சம்பந்தமில்லை. பீதி நோய் முற்றி ‘மண்டை பிசகுவது’ என்று ஒன்று கிடையாது. இதை அக்காவின் காதில் விழும்படி வீட்டில் யாராவது உரத்துச் சொல்லுங்கள். அவருடைய பயத்தில் பாதி, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயமாகத்தான் இருக்கும்.

அன்று பஸ்ஸில் நடந்தது என்ன? நெரிசல், வெக்கை, ஒருவேளை காலையில் ஒன்றும் சாப்பிடாத வயிறு. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்திருக்கும். யாருக்கும் வருவதுதான். அந்தத் துடிப்பை அக்கா கவனித்த கணத்தில் ‘இது ஹார்ட் அட்டாக்’ என்ற எண்ணம் வந்திருக்கும். அந்த எண்ணம் போதும், உடம்பு அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். காற்றுப் போதாது என்று நினைத்து வேகமாக மூச்சு இழுப்பார். அப்படி இழுக்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும், அதனால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் விறைக்கும், தலை சுற்றும். விறைப்பைக் கண்டதும் ‘பக்கவாதம்’ என்று அடுத்த எண்ணம். பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் பீதி நோயை விளக்கியது ஏறக்குறைய இப்படித்தான்: ஆபத்தில்லாத உடல் உணர்வை உயிராபத்து என்று வாசிப்பது, அந்த வாசிப்பே உணர்வைக் கூட்டுவது. பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். இறங்கித்தான் ஆக வேணும், அந்த வேகத்தில் உடம்பு நெடுநேரம் ஓடாது. மயங்கி விழுவேன் என்று எல்லோரும் பயப்படுவார்கள். மயக்கத்துக்கு இரத்த அழுத்தம் சடாரென்று விழ வேணும், பீதியில் அது ஏறித்தான் இருக்கும், அதனால் மயங்குவது மிக அரிது.

இதயத்தைப் பற்றி. 29 வயதில் ஈசிஜி சரியாக இருந்து, வைத்தியரும் பரிசோதித்துச் சரி என்று சொல்லியிருந்தால் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ‘சரி’ என்று கேட்டதும் ஒருநாள் இரண்டுநாள் நிம்மதி, பிறகு பழையபடி சந்தேகம். ஆனால் தைரொயிட் கூடுதலாகச் சுரப்பதும் இரத்தச்சோகையும் இதே படபடப்பைத் தரும். ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டும் கூடுதல், ஆகவே அந்த இரண்டு இரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு சல்பியூட்டமோல் பம்ப் பாவிக்கிறவர் என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேணும். நாளுக்கு ஆறேழு கோப்பை கடும் சாயத் தேத்தண்ணி குடிக்கிற ஆளா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

அக்காவுக்குப் பாலம் பயமா, தண்ணி பயமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கல்லடிப் பாலத்தில் வாகனம் ஏறிவிட்டால் மறுகரை வரைக்கும் இறங்க முடியாது. அகோராபோபியாவின் அடி நாதமே அதுதான்: ஏதாவது ஆனால் தப்பி ஓட வழியில்லாத இடம், உதவிக்கு ஆள் வரமுடியாத இடம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆற்றைக் கடக்க ஓடுகிற ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் ஆற்று முதலை என்பார்கள். கொஞ்சம் கிண்டிக் கேட்டால் ‘நடு ஆத்தில எனக்கு ஏதும் வந்தா?’ என்பது வெளியே வரும். தேர்த் திருவிழா நெரிசல், வங்கி வரிசை, சலூன் கதிரை எல்லாம் இதே கூட்டத்தில் சேரும்.

தனி ஒரு பொருளுக்கான ஃபோபியா வேறு. நாய், பல்லி, உயரம், இடி, ஊசி என்று ஒன்றைக் குறிவைத்து வரும், பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். எந்தப் பயத்தையும் ஃபோபியா என்று சொல்லிவிட முடியாது. வெல்லாவெளிப் பக்கம் இருட்டினபிறகு யானைக்குப் பயந்து வெளியே இறங்காதவருக்கு ஒரு நோயும் இல்லை, புத்தி இருக்கிறது. வயலில் கண்ணாடி விரியனுக்குப் பயப்படுகிறவருக்கும் அப்படியே. பயம் ஆபத்தின் அளவை மீறி, ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையோ தொழிலையோ குடும்பத்தையோ கெடுக்கத் தொடங்கினால்தான் மருத்துவத்தில் அந்தப் பெயர். பாம்புப் படம் வரும் என்று பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறக்காத தாய் அந்த எல்லையைத் தாண்டியவர்.

கடலுக்குப் பயப்படுகிறவர்களை மட்டும் அவசரப்பட்டு ஃபோபியாப் பெட்டிக்குள் போடாதீர்கள். நாவலடியிலும் கல்லாற்றிலும் திருக்கோவிலிலும் 2004 டிசம்பர் 26ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா நிலநடுக்கத்துக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தபோது கரையோரச் சனம் எப்படி ஓடியது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைய காட்சி விழித்திருக்கும்போதே திரும்பி வருவதும், கனவில் அலறுவதும், மனம் மரத்துப்போவதும் சேர்ந்திருந்தால் அது நெருக்கீட்டுக்குப் பிந்திய கோளாறு (PTSD). 2013இல் வந்த அமெரிக்க உளநோய் வகைப்படுத்தல் அதைப் பதகளிப்புக் கோளாறுகளிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயமாக வைத்தது. சிகிச்சையும் சற்று வேறு. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்த வயதானவர்கள் காற்று ஊளையிட்டால் எழும்பிக் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிறகு படுத்துவிடுவார்கள். அதற்கு ஒரு சிகிச்சையும் தேவையில்லை.

ஊசிக்கும் இரத்தத்துக்கும் பயப்படுகிறவர்கள் ஒரு தனி இனம். மேலே ‘பீதியில் மயங்குவது அரிது’ என்று சொன்னேன், இவர்களுக்கு அது பொருந்தாது. இரத்தத்தைக் கண்டதும் முதலில் இதயத் துடிப்பு ஏறி, அடுத்து அழுத்தம் சரேலென்று விழுந்து, மெய்யாகவே மயங்கி விழுவார்கள். ‘உடம்பைத் தளர விடுங்க’ என்று தாதி அன்பாகச் சொல்வது இவர்களுக்குப் பிழையான புத்திமதி. தளர விட்டால் அழுத்தம் இன்னும் இறங்கும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் வகுத்த முறை இதற்கு நேர்மாறு: கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, முகத்தில் சூடு ஏறும்வரை 10 முதல் 15 செக்கன் பிடித்து, விட்டு, 20, 30 செக்கன் கழித்து மறுபடி இறுக்குவது, ஐந்து தடவை. வீட்டில் பழகிக்கொண்டு போனால் இரத்தம் எடுக்க ஊசி குத்தும் நேரத்தில் கைகொடுக்கும். குத்துகிற கையை மட்டும் இறுக்கக் கூடாது.

இன்னும் இரண்டு வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமூகப் பதகளிப்பு பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும், நாலு பேர் பார்ப்பார்கள், நகைப்பார்கள் என்ற பயம். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகளில், எழுத்துப் பரீட்சையில் முன்னுக்கு நின்றும் பிரசன்டேஷன் அன்று காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் ‘அடக்கமான புள்ள’ என்று ஊர் மெச்சும், அதனால் யாருக்கும் நோய் தெரியாது. ஆண் பிள்ளை என்றால் கலியாண வீட்டுக்குப் போக முதல் ஒரு ‘பெக்’ போடப் பழகுவான், பிறகு சிகிச்சைக்கு வரும்போது இரண்டு நோயோடு வருவான். மற்றது பொதுப் பதகளிப்பு: பிள்ளை, கடன், மழை, வெளிநாட்டிலிருக்கிற புருஷன் என்று ஆறு மாதத்துக்கு மேலாக அனேகமான நாட்களில் ஓயாத யோசனை, தோள் இறுக்கம், நித்திரை இல்லை. ‘யோசனை கூடிப்போச்சு’ என்று சொல்லி இடுப்பு நோவுக்கும் தலையிடிக்கும் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) பனடோல் எடுத்துக்கொண்டு போகிற அம்மாக்களில் ஒரு பகுதியினர் இவர்கள்தான்.

சரி, அக்காவிடம் வருவோம். முதல் தாக்கம் ஏன் வந்தது என்று தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஏன் போகாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, உங்களுக்குக் கசக்கும். கல்லடியில் இறங்கியதும் படபடப்பு அடங்கியது. அடங்கியது இறங்கியதால் என்று மூளை எழுதி வைத்துக்கொண்டது. இறங்காமல் இருந்திருந்தாலும் அடங்கியிருக்கும், அதைக் கண்டுபிடிக்க மூளைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த நாள் பஸ்ஸை விட்டார், நிம்மதி. அடுத்து மோட்டார் சைக்கிளையும் விட்டார், இன்னும் நிம்மதி. தவிர்ப்பது மீட்டர் வட்டிக்குக் கடன் எடுப்பது மாதிரி: இன்றைக்குக் கை நிறைந்த மாதிரி இருக்கும், நாளைக்குப் பஸ்ஸோடு சந்தியும் சேர்ந்து போகும். அதில் உங்கள் பங்கும் உண்டு, தம்பி. நீங்கள் தினமும் ஏற்றி இறக்கியது, அம்மா கடைக்குப் போகவிடாமல் தானே போனது, ‘வேணாம் மகள், நீ வீட்டுல இரு’ என்றது எல்லாம் பாசம்தான். ஆனால் ஒவ்வொன்றும் அக்காவுக்குச் சொன்ன சேதி ஒன்று: வெளியே ஆபத்து, உன்னால் ஏலாது.

அப்படியென்றால் மாமா சொல்வது சரியா? இல்லை. இழுத்துக்கொண்டுபோய் ஏற்றினால் அவர் ஆரையம்பதியில் குதித்து இறங்குவார், பயம் இரட்டிக்கும், உங்கள் மேலிருந்த நம்பிக்கையும் போகும். பயத்தை நோக்கிப் போகத்தான் வேணும், ஆனால் படிப்படியாக, அவருடைய சம்மதத்தோடு, அவர் கையில் கடிவாளத்தைக் கொடுத்து. இது புதிய யோசனையும் இல்லை. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூட்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்து, கடைசியில் அவன் முயலைத் தடவும் நிலைக்குக் கொண்டுவந்தார். 1958இல் தென்னாப்பிரிக்க உளமருத்துவர் ஜோசப் வோல்ப் அதை முறையான சிகிச்சையாக எழுதினார். இன்று அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதன் முதுகெலும்பு இதுதான். தனிப் பொருள் ஃபோபியாக்களில் மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்விலேயே நல்ல பலன் வருவதும் உண்டு.

அக்காவுக்கு இதை நம் பாதையிலேயே செய்யலாம், சிகிச்சை தருகிறவரோடு பேசித் திட்டமிட்டு. களுவாஞ்சிகுடியில் புறப்படாமல் நிற்கிற பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, இறங்குவது முதல் படி. அடுத்தது காலை பத்து மணிபோல், சனம் குறைந்த பஸ்ஸில் களுதாவளை வரை, நீங்கள் பக்கத்தில். அது அலுத்துப்போகும் வரை அதையேதான் செய்ய வேணும். அலுப்புத்தான் நல்ல அடையாளம். பிறகு செட்டிபாளையம், நீங்கள் பின் சீட்டில். கிரான்குளம் வரை அவர் தனியாக, நீங்கள் அங்கே நின்று காத்திருப்பது. தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி. கல்லடிப் பாலத்துக்கு முதலில் பின்னேரத்தில் நடந்து போய்வரலாம், பிறகு பஸ்ஸில். எல்லாம் முடிந்தபிறகு ஏழு மணிப் பஸ், நெரிசலில் நின்றுகொண்டு.

புறப்பட முதல் ஒரு கொப்பியில் அவர் எழுத வேணும்: ‘களுதாவளைக்கு முன் மயங்குவேன், 90 வீதம் நிச்சயம்.’ வந்தபிறகு, என்ன நடந்தது என்று அதற்குப் பக்கத்திலேயே எழுத வேணும். பயம் வராமல் போய்வருவது இலக்கில்லை. பயம் வந்தும், சொன்ன கெடுதி வரவில்லை என்று அவரே கண்டுகொள்வதுதான் வேலை. நடுவழியில் தாக்கம் வந்தால் இறங்காமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அக்காவின் கைப்பையைக் கவனியுங்கள். சித்தாலேப பாம் போத்தல், எலுமிச்சம்பழம், தண்ணிப் போத்தல், உங்கள் நம்பரை அழுத்தத் தயாராக வைத்த போன், கதவுக்குப் பக்கத்துச் சீட்டுத்தான் வேணும் என்ற பிடிவாதம். இவை இருக்கும்வரை ‘தேசிக்காய் மணந்தபடியால்தான் தப்பினேன்’ என்றே மனம் கணக்கு வைக்கும். முதல் படிகளில் இருக்கட்டும், மேலே போகப்போக ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுக்க வேணும். மெதுவாக மூச்சு விடும் பயிற்சியையும் நான் அளவோடுதான் சொல்லிக்கொடுப்பேன், அதுவும் ஒரு எலுமிச்சம்பழமாகிவிடக் கூடும். கடதாசிப் பைக்குள் மூச்சு விடச் சொல்கிற பழைய வைத்தியம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை.

பீதி நோய்க்கென்று இன்னொரு பயிற்சி உண்டு, பார்ப்பவர்களுக்கு விசராட்டம் மாதிரித் தெரியும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, ஸ்ட்ரோவால் மூச்சு விடுவது, கதிரையில் சுற்றித் தலைசுற்றல் வரவைப்பது. எந்த உணர்வுக்குப் பயமோ அதையே வேண்டுமென்று வரவழைத்து, அது ஒன்றும் செய்யாது என்று பழகுவது. கர்ப்பம், வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

குளிசை பற்றி. யாரோ தந்த நித்திரைக் குளிசையில் பாதி போட்டால் சரியாகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது டயசிபாமாகவோ அல்பிரசோலமாகவோ இருக்கலாம். அரை மணித்தியாலத்தில் வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்து. சில கிழமையிலேயே உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும், பயிற்சியால் கற்க வேண்டியதைக் கற்கவும் விடாது. ஆனால் இதுவரை தினமும் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வைத்தியர் சொல்லித்தான் குறைக்க வேணும். பீதி நோய்க்கு முறையான மருந்து சேர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை. சேர்ட்ராலினை வழமையாக 25 மில்லிகிராமில் தொடங்கி ஏற்றுவார்கள். முதல் ஒன்றிரண்டு கிழமையில் வயிற்றுப் பிரட்டலும், படபடப்புக் கொஞ்சம் கூடுவதும் நடக்கலாம். ‘இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்ல’ என்று அங்கேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை, முழுப் பலனுக்கு அதற்கும் மேல். குணமானபிறகும் ஆறு மாதமாவது, அனேகமாக ஒரு வருடம் வரை தொடர்ந்து, மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். வாழ்நாள் முழுக்க என்பது பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்த வகை மருந்து தொடங்கினால் முதல் கிழமைகளில் சாகிற எண்ணம் ஏதும் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேணும். மருந்தில்லாமல் பயிற்சியால் மட்டும் குணமாகிறவர்களும் நிறைய. தனிப் பொருள் ஃபோபியாவுக்கு மருந்தால் பெரிய வேலை இல்லை.

நூல் கட்டியதற்காக அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். மாமாங்கக் கோயிலில் நேர்ந்துகொள்கிறவரும் இருக்கிறார், மௌலவியிடம் தண்ணி ஓதிக் குடிக்கிறவரும் இருக்கிறார், அதில் கிடைக்கிற தெம்பு மெய்யான தெம்புதான். நூல் கையில் இருந்தபடியே பஸ்ஸில் ஏறட்டும். ஆனால் ‘நாப்பத்தொரு நாள் படி தாண்டக் கூடாது’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மட்டும் ஏற்காதீர்கள்.

எங்கே போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, கிளினிக்கும் மருந்தும் இலவசம். டவுனுக்கு வரவே முடியாதவர் என்பதால் முதலில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டி, அங்கே உளநல வைத்திய அதிகாரி வருகிற நாளைக் கேளுங்கள். ‘நெஞ்சு நோவு’ என்று சொன்னால் இன்னொரு ஈசிஜிதான் எழுதுவார்கள். ‘பஸ்ஸில ஏறினா இப்பிடி வருது, ஈசிஜி சரி, இப்ப வெளிய போறதே இல்ல’ என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். பழைய ஈசிஜித் துண்டுகளையும் அந்த நித்திரைக் குளிசை அட்டையையும் கொண்டுபோங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அக்கா வீட்டிலிருந்தபடியே பேசலாம். சாக வேணும் என்ற கதை அவர் வாயில் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, வேலையை விடுகிற கடிதம் எழுதப்போகிறார் என்று சொன்னீர்கள். இப்போது எழுத வேண்டாம். கிளினிக்கில் மெடிக்கல் சான்றிதழ் எடுத்து லீவை ஒழுங்காக்கிக்கொள்ளட்டும். அலுவலகத்தில் சம்மதித்தால், காத்தான்குடி வரை தனியாகப் போய்வருகிற நிலை வந்ததும் கிழமையில் இரண்டு நாள், பத்து மணிப் பஸ்ஸில் போய்த் தொடங்கலாம்.